இடித்துக் கட்டியவர்

மாமா யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். புறங்கையால் மெல்ல ஒரு தட்டு. கல்யாண மண்டபமோ துக்க வீடோ, அந்தத் தட்டு விழாமல் இருக்காது. உள்ளே பூச்சு விட்டிருந்தால் சத்தம் பொத்தென்று வருமாம். அப்படி வந்துவிட்டால் அதற்கப்புறம் அவர் பேச்சில் மனசு இருக்காது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் கண் அந்தச் சுவருக்கே போகும். "சும்மா இருங்க, அது ஒண்ணும் நம்ம கட்டுனது இல்ல" என்று அத்தை முழங்கையால் இடிப்பார்.

அவர் என் மாமனார். நெடுங்காட்டில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கையில் கொத்தனார் வேலையும் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றங்கால் போட்ட நாளிலிருந்து அவர் விவசாயி. சம்பா அறுத்து, வயலில் உளுந்துச் செடி தலையெடுத்ததும் மட்டக்கோலையும் கரண்டியையும் மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு காரைக்கால் பக்கம் வீடு கட்டப் போய்விடுவார். இரண்டில் எது உங்கள் தொழில் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. வயல் சும்மா கிடக்கும்போது மனுசன் எப்படிச் சும்மா கிடப்பான் என்பார்.

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. தான் கட்டியது சரியில்லை என்று மனதுக்குப் பட்டுவிட்டால் அவரே இடித்துவிடுவார். யாரும் குறை சொல்லியிருக்க வேண்டாம். "பிரிச்சுட்டாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே கடப்பாரையைத் தேடுவார். அவர் வாயில் அதிகம் வந்த சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருந்தது. அதற்கு முன்னால் கூடத்துக்குள் இருந்ததாம். சமையலறை ஒரு காலத்தில் கிழக்கே இருந்து, பிறகு பின்கட்டுக்கு நகர்ந்து, மறுபடியும் கிழக்கே வந்திருந்தது. "இந்த வீட்டுல நான் எங்கெங்க அடுப்பு மூட்டுனேன்னு எனக்கே நெனப்பு இல்லம்மா" என்று புதுப்பெண்ணான என்னிடம் அத்தை சொன்னார். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர் வீட்டுக்கு வெளிப்பூச்சு மட்டும் கடைசிவரை முடியவில்லை.

இந்தக் குணம் எப்போதும் நல்லதுக்கே போய் முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வருடம் நடவு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கடைமடை என்பதால் வடிகாலுக்குப் போகவேண்டிய தண்ணீர் எங்கள் பக்கமே நின்றது. பயிர் மஞ்சளாகிச் சரிந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமாவால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் சற்று வடிந்ததும் வயலை மறுபடி உழுது, எங்கோ அலைந்து நாற்று வாங்கி வந்து மறுநடவு நட்டார். பக்கத்து வயல்காரர் ஒன்றும் செய்யாமல் இருந்தார். வெயில் வந்ததும் அவர் பயிர் தானாகவே நிமிர்ந்துகொண்டது. எங்களுக்கு அறுவடை பிந்தியது, கண்டுமுதலும் குறைவு. மாமா அந்த வரப்பில் நின்று பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். "தேறும்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்று மட்டும் சொன்னார். அவருடைய மகன், என் கணவர், அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்து, "அப்பா, பயிரு ஒங்கள மாதிரி அவசரப்படாது" என்று சொல்லிச் சிரித்தார். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

காரைக்கால் பக்கம் தலத்தெருவில் அவர் கட்டிய ஒரு வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்தார். எந்த அறை எங்கே, எந்தக் கதவு எப்படி என்று எல்லாவற்றையும் அங்கிருந்து போனிலேயே சொன்னார். இங்கே அவர் மனைவி, "அவ்வொ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிடுவார். சமையல் மேடையை உள்சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே கல்லும் பதித்தாகிவிட்டது. மறுநாள் மாமா போகும்போது அந்தம்மா சமையலறையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இல்லாத சட்டியை இறக்குவதும், இல்லாத பெட்டியை எடுப்பதுமாகக் கைகளை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி திரும்பி வாசலைப் பார்த்தார். என்னவென்று மாமா கேட்டார். முதலில் ஒன்றுமில்லை என்றவர், பிறகு சொன்னார். மேடை முன்னால் நின்றால் முதுகு வாசலுக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்குள் யார் வருகிறார்கள், பிள்ளை எங்கே போகிறது என்று ஒன்றும் தெரியாது. நாள் பூராவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சமைக்கவேண்டும்.

மாமா அன்றைக்கே அந்த மேடையை இடித்தார். வளைகுடாவுக்கும் தானே போன் போட்டுச் சொன்னார். சமைக்கப்போகிறவரைக் கேட்காமல் கட்டிவிட்டேன், தப்பு என்னுடையதுதான், கூலி வேண்டாம், கல்லை உடையாமல் எடுத்திருக்கிறேன், வாசலைப் பார்த்த மாதிரி மறுபடி போட்டுத் தருகிறேன் என்றார். இதையெல்லாம் பிற்பாடு அந்தம்மாவே என்னிடம் சொன்னார். "கட்டுன கையாலயே ஒருத்தர் இடிச்சத நான் அன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார்.

என் கணவர் வாடகைக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒன்று வாங்கவேண்டும் என்ற பேச்சு எப்போதும் வீட்டில் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட நிறையவில்லை. ஒரு நாள் நாகப்பட்டினம் சாலையில், உதிரிச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவர் பைக் மீது லாரி மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் மாமா மண்வெட்டியோடு வயலுக்குப் போனார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அன்று வெட்டவேண்டிய வேலை எதுவும் வயலில் இல்லை.

சீர்காழிப் பக்கத்திலிருந்து அம்மாவும் அண்ணனும் என்னைக் கூட்டிப்போக வந்தார்கள். அண்ணன் வீடு சின்னது. அவனுக்கு மூன்று பிள்ளைகள். வா என்று கூப்பிட்டவன் குரலில் ஒரு தயக்கம் இருந்தது, அதற்காக நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். மாமா வாசலில் நின்றபடி, "இது அதோட வீடு. அதுக்குப் போவணும்னு இருந்தா போவட்டும், இருக்கணும்னா இருக்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். என்னை அவர் எப்போதும் 'அது' என்றுதான் சொல்வார். எங்கள் பக்கம் செல்லப் பெண்ணை அப்படித்தான் சொல்வார்கள். நான் இருந்துவிட்டேன்.

அறுவடை முடிந்ததும் அவர் அந்த வருடம் காரைக்காலுக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், கைப்பம்புக்குப் பக்கத்தில், எனக்காக ஓர் அறை கட்டத் தொடங்கினார். தனி வாசல், உள்ளேயே குளியலறை, வயலைப் பார்த்த மாதிரி பெரிய ஜன்னல். யாரையும் அண்டி நிற்காமல் நான் கடைசிவரை கௌரவமாக இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஊரே மெச்சியது. திருநள்ளாறு பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "எந்த மாமனாரு இப்படிச் செய்வாரு" என்று கண் கலங்கினார். அத்தை கலவை சுமந்தார். நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். கல் சுமந்து உடம்பு அலுத்ததால் அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தூக்கமும் வந்தது. எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. வேறு எதையும் நினைத்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

சுவர் லிண்டல் மட்டம் தாண்டிவிட்டது, கூரை போடவேண்டியதுதான் பாக்கி. ஒரு மத்தியானம் மாமா என்னைக் கூப்பிட்டு, உள்ளே நின்று ஜன்னல் உயரம் சரியாக இருக்கிறதா பார் என்றார். நான் போய் நின்றேன். சரியாக இருந்தது. அவர் வெளியே வரப்பு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். சரியா இருக்கு மாமா என்று நான் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வேலை அத்தோடு நின்றது.

மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். ஜன்னல் பக்கத்துச் சுவர் பாதி விழுந்திருந்தது.

அத்தை கையில் பால் சொம்போடு ஓடிவந்தார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார். மாமா கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரூம்பு நல்லாத்தான் வந்துருக்கு. ஆனா ஒரு ஆளு தனியா ஒக்காந்து கெழவியாப் போறதுக்குத்தான் தோதா இருக்கு. அத உள்ள நிக்க வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. சின்னப் புள்ள அது. அதுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வைக்கணும்."

அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பால் கொட்டிக் கலவை மணலில் ஓடியது.

"எம் புள்ள போயி வருசம் திரும்பல" என்றார். "அவன இன்னொருக்கா சாவடிக்கணுங்கிறீங்களா?"

மாமா இடித்த செங்கல்மேல் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அத்தை எழுந்து உள்ளே போனார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

மாமா நல்லது செய்தார் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கென்று இருந்த நான்கு சுவரும் போய்விட்டது என்றுதான் தோன்றியது. என்னை வீட்டைவிட்டு அனுப்ப வழி பார்க்கிறார் என்றுகூட நினைத்தேன். பகல் முழுவதும் நான் சாப்பிடவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட வந்த மாமாவிடம் சாயங்காலம் நேராகவே கேட்டுவிட்டேன். அதுவரை அவர் முகத்தைப் பார்த்து நான் அவ்வளவு பேசியதில்லை.

"கட்டும்போதும் என்னைக் கேக்கல. இடிக்கும்போதும் கேக்கல. என்னைப் பத்தி நீங்களா ஒண்ணு நெனச்சுக்குறீங்க, நீங்களா மாத்திக்குறீங்க."

அவர் கையில் வைக்கோல் அப்படியே இருந்தது. "ஆமாம்மா" என்றார். "கேக்கல."

வைக்கோலை மாட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு, "இப்பக் கேக்குறேன். ஒனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார்.

என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கல்யாணப் பேச்சு வேண்டாம் என்றேன். இந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தால் மூச்சு முட்டுகிறது, வெளியே போய் ஏதாவது வேலை பார்க்கவேண்டும் என்றேன். நான் பி.காம். முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழைக் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

அவர் தலையை ஆட்டினார். மறுநாளே தலத்தெருவுக்குப் போய், தான் மேடை இடித்த அந்த வீட்டு அம்மாவிடம் பேசினார். அந்தம்மாவின் தம்பிக்குக் காரைக்காலில் மருந்துக்கடை இருந்தது. அங்கே கணக்குப் பார்க்க எனக்கு வேலை கிடைத்தது. தினமும் காலையில் மாமா என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய்ப் பஸ் ஏற்றிவிடுவார். சாயங்காலம் நான் இறங்கும்போது அங்கேயே நின்றுகொண்டிருப்பார். நடவு வேலையாக இருந்தால் முழங்கால்வரை சேறு காய்ந்திருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா. புருஷன் செத்த பெண்ணைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிறார் என்று டீக்கடையில் யாரோ சொன்னது அவர் காதுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் வழக்கமாகத் தாண்டிப்போகும் அந்த டீக்கடை வாசலில் அவர் வண்டியை நிறுத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். என்னை உட்காரச் சொல்லி, இரண்டு டீ சொன்னார். எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்தார். ஒருவர் வீட்டு மாடு கன்று போட்டதா என்று கேட்டார். இன்னொருவருக்கு உரம் கிடைத்ததா என்று கேட்டார். நான் தலை நிமிரவில்லை. டீ நாக்கைச் சுட்டதுதான் தெரிந்தது. கிளம்பும்போது அவர், "நாளைக்கும் வருவோம்" என்று கடைக்காரரிடம் சொன்னார். அதேபோல நாங்கள் மறுநாளும் போனோம். ஒரு வாரத்துக்குள் பேச்சு வேறு வீட்டுக்கு மாறிவிட்டது.

அப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. கல்யாணப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அத்தையும் நானும் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே டிவியில் சீரியல் பார்த்தோம். என் கணவரைப் பற்றி அத்தை என்னிடம்தான் பேசுவார். அவர் சின்ன வயதில் வாய்க்காலில் விழுந்தது, பரீட்சைக்குப் போகாமல் மரத்தில் ஏறி உட்கார்ந்தது எல்லாம் அத்தை சொல்லி எனக்கு மனப்பாடம். அவருக்கு மகன் இருந்த இடத்தில் மிச்சமிருந்தது நான்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பிறகு நடந்ததற்கு அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் களத்தில் உளுந்து காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் என்னைப் பார்க்காமல், காலால் உளுந்தைத் தள்ளிக்கொண்டே பேசினார். தன்னோடு வேலைக்கு வரும் எலெக்ட்ரீசியன் தம்பியைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். தலத்தெருக்காரர். அப்பா இல்லை, சர்க்கரை நோய்க்கார அம்மாவைப் பார்த்துக்கொண்டு கல்யாணம் தள்ளிப்போனவர். எங்கள் கடைக்கு மாத்திரை வாங்க வருவார்.

"ஒயர் பதிக்க வர்றவன்லாம் செவுத்த ஒடச்சுப் போட்டுட்டுப் போயிடுவான். அந்தத் தம்பி மட்டும் தான் வெட்டுன எடத்த தானே கலவை போட்டு அடச்சுட்டுத்தான் போவும். இத்தினி வருசமாப் பாக்குறேன்" என்றார். பிறகு, "நான் அதுட்ட ஒண்ணும் பேசல. மொதல்ல ஒன்னத்தான் கேக்குறேன். நீ வேணாம்னா பேச்சு இத்தோட போச்சு, நான் உளுந்தத் தள்ளப் போயிடுறேன்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த தடவை அந்த எலெக்ட்ரீசியன் மாத்திரை வாங்க வந்தபோது, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து நானே பேசினேன். மாமா மனதில் இப்படி ஒன்று இருக்கிறது என்றேன். அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் நெடுங்காட்டு வீட்டுக்குப் போகாமல் இருக்கமாட்டேன், இறந்துபோனவரைப் பற்றிப் பேசாமலும் இருக்கமாட்டேன், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சில்லறையை எண்ணுவதுபோலக் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுக்குப் போவக் கூடாதுன்னு நான் சொன்னா, ஒங்க மாமா மொதல்ல என்னையத்தான் வேலைய விட்டு நிறுத்துவாரு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு அது. எனக்கே என் சத்தம் புதிதாகக் கேட்டது.

அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. முதல் நாள் நான் போய்க் காலில் விழுந்தபோது தலையில் கை வைத்தார், பேசவில்லை. நாத்தனார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமாதான் அவரைத் தடுத்தார். "விடு. அவ பெத்தவ. நான் செவுத்தத்தான் இடிச்சுக் கட்டுவேன். அவ மனச அப்படிப் பண்ண எனக்குத் தெரியாது" என்றார்.

ஒரு சின்ன முருகன் கோயிலில் தாலி கட்டு. அம்மாவும் அண்ணனும் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். மாமா கூட்டத்துக்குப் பின்னால் தூணோரமாக நின்றிருந்தார். சாப்பாடு தலத்தெருவில், அவர் கட்டிய அந்த முஸ்லிம் வீட்டு மாடியில். இடம் தருகிறேன் என்று அந்தம்மாவே வலிய வந்து சொன்னார். கீழே அவர் சமையலறையில்தான் காய் நறுக்கினார்கள். சைவச் சமையலுக்கு ஆள் வந்திருந்தும் பாயசம் மட்டும் நான்தான் வைப்பேன் என்று அவர் பிடிவாதமாக வைத்தார்.

பந்தியில் மாமா உட்காரவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு தானே பரிமாறினார். எங்கள் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றார். அத்தனை வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை மாமா 'தம்பி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கரண்டி சாம்பாரோடு அப்படியே கையில் நின்றது.

"சாப்புடுங்க மாப்ள" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த இலைக்குப் போய்விட்டார். என் கணவர் அந்தச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வெகுநேரம் வாயில் வைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு அறுவடைக்கும் மாமா அரிசி மூட்டையோடு வருவார். உளுந்து வரும், பயறு வரும். நாரத்தங்காய் ஊறுகாயும் வரும். ஊறுகாயைப் பற்றிக் கேட்டால், ஜாடியில் இருந்தது, எடுத்து வந்தேன் என்பார். எனக்குக் காரம் ஆகாது. அந்த ஊறுகாயில் காரம் குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் எனக்கென்று தனியாக யார் போடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் நெடுங்காட்டுக்குப் போகும்போது அத்தை தண்ணீர் கொடுப்பார், சோறு போடுவார். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

எங்களுக்கு மகள் பிறந்ததும் வீடு பற்றவில்லை. மாமா வந்து ஓர் அறை சேர்த்துக் கட்டினார். அந்த வேலையில் அவர் என்னைப் படுத்திய பாட்டை மறக்கமுடியாது. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். ஜன்னல் இங்கேயா அங்கேயா, கதவு உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா, அலமாரி எவ்வளவு உயரம். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாலும் வந்து நிற்பார். உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள் மாமா என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். "அதெல்லாம் முடியாது, நீ சொல்லு" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில்தான் ஒரு நாள், வேலைக்கு நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தவர், "அவன் இருந்தா இன்னேரம் டிராக்டர் வாங்கியிருப்பான்" என்றார். என் கணவர் அப்போது ஏணிமேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்து, சுவர் நேர் பார்க்கத் தூக்குக்குண்டைக் கேட்டார்.

என் மகளுக்கு அவர் தாத்தா. வேறு விதமாக அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் தாடையில் ஒட்டியிருக்கும் சிமெண்டைச் சுரண்டி எடுப்பது அவளுக்குப் பிடித்த விளையாட்டு.

போன தை மாதம், அறுவடை இயந்திரம் வயலில் ஓடிக்கொண்டிருந்தபோது, வரப்பில் நின்றிருந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார்.

நெடுங்காட்டு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் மாலை வைத்துக் கும்பிட்டுவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பூச்சில்லாத அந்தச் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு என்ன முறை என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. மருமகள் என்று நின்றால் என் கணவர் பக்கத்தில் நிற்கிறார். வந்துபோகிறவள் என்று நினைக்கவும் மனம் வரவில்லை.

எடுப்பதற்கு முன்னால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வரவேண்டும். பங்காளி ஒருவர் நாத்தனாரின் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தி, குச்சிகளில் துணி சுற்றி, நெய்யில் தோய்த்துக் கையில் கொடுத்தார். இவ்வளவுதானே பேரப்பிள்ளைகள் என்று பொதுவாகக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு பந்தம் சுத்துங்க" என்றார் அத்தை.

அழுது அழுது அவர் குரல் கம்மியிருந்தது. பங்காளி புரியாமல் பார்த்தார். அத்தை சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தா நிக்கிது பாருங்க அதோட அம்மாவோட. எங்க பேத்தி. அது கையிலயும் குடுங்க."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கூட்டிட்டு வாம்மா" என்றார்.

நான் மகளைக் கூட்டிப்போனேன். நெருப்பைப் பார்த்து அவளுக்குப் பயம். பந்தத்தை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் மெல்ல மெல்ல நடந்தாள். தலைமாட்டுப் பக்கம் வந்தபோது பந்தம் கையில் சரிந்தது. அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.